உள்ளே விட்ட துணி

அளவு ஜாக்கெட் என்றால் டெய்லர் அக்காவுக்கு ஆகாது. கொண்டுபோய் நீட்டினால் தொடக்கூட மாட்டாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முந்தாநாள் மீனை நீட்டியதுபோல் அதைப் பார்ப்பாள்.

"இத எதுக்குமா தூக்கிக்கினு வந்தே? தெச்சத போட்டுக்கப்போறது இந்த ஜாக்கெட்டா, நீயா? உள்ள வா."

எங்கள் ஊரில் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. புதுத் துணியையும், உடம்புக்குச் சரியாக உட்காரும் பழைய ஜாக்கெட் ஒன்றையும் ஒரே கவரில் போட்டு, அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டால் போதும். நாலு நாளில் தைத்து வந்துவிடும். இந்த அக்காவிடம் அது நடக்காது. தீபாவளிக்கு முந்தின வாரம் வாசலில் பத்துப் பேர் நின்றாலும் ஒவ்வொருத்தியையும் உள்ளே கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, டேப் வைத்து அளந்தால்தான் துணியையே கையில் வாங்குவாள். "போன மாசம்தானே அளந்தீங்க" என்று சலித்துக்கொண்டால், "போன மாசம் இருந்த மாதிரியேவா இப்ப இருக்கே?" என்பாள். பெரிய தத்துவம் பேசுகிறாள் என்று பெண்கள் வெளியே வந்து சிரித்துக்கொள்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக்கடைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் கடை. மூன்று படி ஏற வேண்டும். ஒரு தையல் மிஷின், ஒரு மேசை, தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைத் துணிப்பைகளில் போட்டுச் சீட்டுக் குத்தி மாட்டியிருக்கும் ஓர் அலமாரி. அளவெடுக்கிற மூலைக்குத் திரையாக, ஜரிகையைப் பிரித்து எடுத்துவிட்ட ஒரு பழைய பட்டுச்சேலை. கிளிப்பச்சை. மத்தியானம் வெயில் அதன் வழியாக உள்ளே வரும்போது அந்த மூலை முழுக்கப் பச்சையாகிவிடும். சுவர், கண்ணாடி, அக்காவின் நரைமுடி, என் கை எல்லாம் பச்சை. சந்தின் தறிச் சத்தமும், ஆட்டோ ஹாரனும், பஸ்ஸில் வந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள் வழி கேட்கிற குரலும் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல் கேட்கும். இப்போதும் எனக்கு அடிக்கடி ஒரு கனவு வருகிறது. அதில் ஆள் யாரும் இல்லை, பேச்சும் இல்லை. பச்சை வெளிச்சம் மட்டும் இருக்கிறது. பிடரியில் டேப்பின் தகரமுனை சில்லென்று படுகிறது. பயமான கனவு இல்லை. விழித்தபிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பேன்.

அக்காவுக்கு அப்போதே ஐம்பதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் தாலிச்சரட்டுக்குமேல் எந்நேரமும் இஞ்சு டேப் தொங்கும். கல்யாணத்துக்குப் போனாலும் அதைக் கழற்ற மறந்து வந்துவிடுவாள். கல்யாண வீட்டில் அவளைப் பார்க்க வேண்டும். எல்லாரும் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இவள் பந்தியில் பரிமாறுகிற பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாருடைய முகமும் பெயரும் அவளுக்கு நினைவிருக்காது. கையைப் பார்த்தால் அதன் சுற்றளவை இஞ்சில் சொல்லிவிடுவாள், "நீ பத்தே காலு. ரெண்டு வருஷம் முன்ன சந்தனக் கலரு தெச்சே."

தென்னேரியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் நான் முதல் தடவை அவளிடம் போனேன். கையைச் சுற்றி அளந்துவிட்டு, "பத்தர. ஏரித் தண்ணி குடிச்ச ஒடம்பு, சும்மாவா?" என்று என் புஜத்தைத் தட்டினாள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அவளுக்கு இன்னொரு பழக்கம். அளவெடுக்கும்போது கேள்வி கேட்பாள். ஆனால் முகத்தைப் பார்த்துக் கேட்கமாட்டாள். பின்னால் போய் நின்று, முதுகில் டேப்பை வைத்துத் தோள் அளக்கும்போது கேட்பாள். ரொம்பச் சாதாரணமான கேள்வியாக இருக்கும். சாப்பிட்டியா, எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறே, அம்மா வீட்டுக்கு எப்போ போனே. பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, டேப் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். முகம் தெரியாததால் நாம் சொல்வது நமக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்கும்.

கீழே விழுந்த கதைகள் அவளிடம் நிறைய வந்து சேரும். ஒருநாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள், "நம்ம தெருவுல எத்தினி வூட்டுக்கு மாடி இருக்குது, சொல்லு? ஆனா பாரு, எல்லாப் பொம்பளயும் மாடிப்படியிலதான் வுழறாளுங்க." கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தோம். அதில் இரண்டு பேர் கொஞ்சம் தாமதமாகச் சிரித்ததை நான் கவனித்தேன். அடுத்த வருஷம் அப்படித் தாமதமாகச் சிரிக்கிற ஆள் நானாக இருந்தேன்.

என் கணவருக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவர் என்று எழுதக் கை தானாகப் போகிறது. பழக்கதோஷம். அவன் என்றே எழுதுகிறேன். முதல் அடிக்கு முன்னாலேயே எத்தனையோ நடந்திருந்தது, அது எதுவும் அடி இல்லை என்பதால் நான் கவனிக்கவில்லை. என் போனில் யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொன்னான். ஏ.டி.எம். கார்டை "உனக்கு எதுக்கு, தொலைச்சிடுவே" என்று வாங்கி வைத்துக்கொண்டான். ஏனாத்தூர் காலேஜில் என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். இவ்வளவு பாசமா என்று அம்மாகூட வியந்தாள். பிறகு ஒருநாள் சாம்பாரில் உப்பு அதிகம் என்று கையை முறுக்கினான். சாயந்திரம் இரண்டு முழம் மல்லியும் கால் கிலோ அல்வாவும் வாங்கிவந்தான். அல்வாவை நான் சாப்பிட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. அம்மாவிடம் சொன்னபோது, "அடிக்கிற கைதான் அணைக்கும், பொறுத்துக்கோ" என்றாள். பக்கத்து வீட்டில் எங்கள் சத்தம் கேட்டால் டிவியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். அவ்வளவுதான் ஊர்.

என் மகளுக்கு நாலு வயதானபோது எனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கப் போனேன். டேப்பை என் கையில் சுற்றிய அக்கா கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பதர," என்றாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்கா," என்றேன் நான்.

நான் இளைத்ததைத்தான் அவள் சொன்னாள். மஞ்சளாகிப்போயிருந்த தழும்பைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. நான்தான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன். அதன்பிறகு அவள் கடைப்பக்கம் நான் போகவில்லை. அந்த டேப்பைக் கண்டாலே பயமாக இருந்தது.

அடுத்த ஆவணியில் என் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம் வந்தது. எனக்கும் ஒரு பட்டுச்சேலை எடுத்தார்கள். மயில்கழுத்து நிறம், அதே நிறத்தில் ஜாக்கெட் துணி. என்னை அனுப்பாமல், என் பழைய ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு மாமியார் போனார். அக்கா எப்படியும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் வெறுங்கையோடு வந்தார். "வாங்கிக்கினா. ஒண்ணும் சொல்லல," என்றார். அக்காவும் கைவிட்டுவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஜாக்கெட் வந்தது. போட்டால் கை ஏறவில்லை. முழங்கைக்கு மேல் இரண்டு விரல் தாண்டி அப்படியே நின்றுவிட்டது. சின்னப் பெண்ணுக்குத் தைத்ததுபோல் அத்தனை இறுக்கம். மாமியார் கடைக்குப் போய் சத்தம் போட்டார். அக்கா, "தப்புதாம்மா. போட்டுப் பாத்தாதான் எங்க புடிக்குதுன்னு தெரியும். அவள நேர்ல அனுப்பு," என்றாளாம். அவன் என்னை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சந்தில் வண்டிமேலேயே உட்கார்ந்துகொண்டான்.

திரைக்குள் ஜாக்கெட்டைப் போடச் சொன்னாள். கை அதே இடத்தில் நின்றது. மெதுவாக உருவி எடுத்தாள். புஜத்தில் நாலு விரலும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. அது மூன்று நாள் பழையது.

"ஏங்கா இவ்ளோ டைட்டா தெச்சீங்க?"

"நீ வரணும்னுதான்."

சொல்லிவிட்டு என் பின்னால் போய் நின்று தோளில் டேப்பை வைத்தாள். குரல் மிஷின் சத்தத்தைவிடத் தாழ்வாக இருந்தது.

"உங்க மாமியா அளவு ஜாக்கெட்ட நீட்டும்போதே தெரிஞ்சிபோச்சி. ஒருத்தி அளவுக்கு வரமாட்டன்றானா, யாரும் பாக்கக்கூடாதது எதுவோ ஒடம்புல இருக்குது. போன் யார் கையில இருக்குது?"

"அவர்கிட்ட."

"காசு?"

"அவர்கிட்ட."

டேப் முதுகிலிருந்து இறங்கி இடுப்பைச் சுற்றி வந்தது. மேலே ஏறியது. கழுத்தளவு எடுக்க முனையைத் தொண்டைக்குழியில் வைத்தாள்.

"இங்க எப்பனா கை வெச்சானா?"

இந்தத் தடவை டேப் நகரவில்லை. திரையின் பச்சை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "ஒரு தடவை," என்றேன். என் குரல்தானா என்று இருந்தது.

"அடிக்கிறது ஒண்ணு, இது வேற ஒண்ணு. கழுத்துல கை வெச்சவன் அடுத்து எங்கமா வெப்பான்? அதுக்குமேல போறதுக்கு எடமே இல்லியே கண்ணு."

அப்புறம்தான் முழுக்கைக்காரியின் கதையைச் சொன்னாள். பல வருஷம் முன்னால், இதே தெருவில் ஒரு பெண். முழங்கை வரைக்கும் கை வைத்து ஒரு ஜாக்கெட் கேட்டாள். தைத்துக் கொடுத்தாள். அடுத்த தடவை முழங்கைக்குக் கீழே கேட்டாள். மூன்றாவது தடவை மணிக்கட்டு வரைக்கும், அதுவும் சித்திரை வெயிலில். அக்காவுக்குக் காரணம் தெரியும். கேட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று கேட்காமல் இருந்தாள்.

"அழகா தெச்சிக் குடுத்தேன். அளவு கச்சிதம். ஒரு தழும்பு வெளிய தெரியல. நாலாவது ஜாக்கெட்டுக்கு அவ வரல. சாவுக்குத்தான் போனேன். நான் தெச்ச முழுக்கை ஜாக்கெட்டதான் போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. அவன் அடிச்சத மறைக்கிறதுக்கு நான் கூலி வாங்கியிருக்கேன். அன்னிக்கி முடிவு பண்ணேன், இனிமே கை நீளம் கேட்டா கேள்வி கேட்டுட்டுதான் கத்திரிக்கோல எடுக்கறதுன்னு."

வெளியே அவன் ஹாரன் அடித்தான். அக்கா காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, ஜாக்கெட்டின் உள்பக்கம், லைனிங் துணிமேல் மூன்றே மூன்று இலக்கங்களை எழுதிக் காட்டினாள். பெண்களுக்கான அரசாங்க உதவி எண்.

"பேப்பர்ல எழுதிக் குடுத்தா அவன் பாத்துடுவான். இத மனசுல வாங்கிக்கோ. எப்ப பண்ணாலும் எடுப்பாங்க. கத ஒண்ணும் சொல்லத் தேவயில்ல, பேசணும்னு சொன்னா போதும், அவங்களே கேப்பாங்க." ஒரு தட்டுத் தட்டினாள். எண் தூளாகப் பறந்துவிட்டது. "நாளைக்கி வரும்போது உன் ஆதாரு, ரேஷன் கார்டு, பாப்பாவோட பொறப்பு சர்டிபிகேட்டு, எல்லாத்துலயும் ஒரு ஜெராக்ஸு."

பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய் அவனிடம் அப்பாவியாகச் சொன்னாள், "அளவு தப்பிப்போச்சிபா. பிரிச்சி தெக்கணும். நாளைக்கி ஒரு நட அனுப்பு."

"தைக்கத் தெரியாதவங்களுக்கெல்லாம் எதுக்குக் கடை?" என்றான் அவன்.

"என் தப்புதாம்பா," என்றாள். அரை இஞ்சு பிசகியது என்று யாராவது சொன்னால் தெருவையே கூட்டிவிடுகிறவள், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மறுநாள் அவன் ஷிப்டுக்குப் போனபின் தனியாகப் போனேன். ஜெராக்ஸுகளை ஒரு துணிப்பையில் போட்டாள். மாற்றுச் சேலை ஒன்று, மகளுக்கு ஒரு கவுன், பஸ்ஸுக்குக் கொஞ்சம் பணம், எல்லாம் அவளே வைத்தாள். என் பெயரைச் சீட்டில் எழுதிக் குத்தி, டெலிவரி எடுக்காத ஜாக்கெட்டுகளோடு அலமாரியில் மாட்டினாள். அந்த வரிசை எப்போதும் நிறைந்தே இருக்கும். இந்த ஊர்ப் பெண்கள் தைக்கக் கொடுத்ததையே மறந்துவிடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

"அதுல பாதி ஜாக்கெட்டு இல்ல," என்றாள். "உன் பையி இங்கியே இருக்கும். நாளைக்கே எடுத்தாலும் சரி, நாலு வருஷம் ஆனாலும் சரி."

மயில்கழுத்து ஜாக்கெட்டை, திரும்பி வர ஒரு சாக்கு இருக்கட்டும் என்று, கையை மாற்றாமலேயே கொடுத்தாள். நிச்சயத்துக்கு நான் ஒரு பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். மாமியார் வந்தவர்களிடமெல்லாம் டெய்லர் துணியைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார். மூன்று தெருவில் அவள் பெயர் கெட்டது. கல்யாண சீசனில் அவள் மிஷின் சும்மா இருந்ததை நானே பார்த்தேன். ஒரு வார்த்தை அவள் என்னிடம் சொல்லவில்லை.

அத்தனை செய்தும் நான் கிளம்பவில்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐந்து மாதம் ஆயிற்று. அவன் காமாட்சி கோயில் பிரகாரத்தில் வைத்து, இனிமேல் கையை ஓங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். நான் நம்பினேன். மறுபடி அடித்தான், மறுபடி மல்லிப்பூ வந்தது. ஹூக் வைக்க, ஓரம் அடிக்க என்று ஏதாவது சாக்குச் சொல்லி நான் மாதம் ஒருமுறை அக்காவிடம் போவேன். பை தொங்குகிறதா என்று பார்ப்பேன், வந்துவிடுவேன். "இன்னும் கிளம்பலியா" என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் போவதை நிறுத்தியிருப்பேன்.

அப்படிப் போன ஒரு மத்தியானம் மகளையும் கூட்டிப்போயிருந்தேன். அக்கா அவளுக்கு வெட்டுத் துணிகளைச் சுருட்டி ஒரு பொம்மை செய்து கொடுத்தாள். மகள் திரைக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை வெளிச்சத்தில் குனிந்து, பொம்மையின் கையைத் தடவிக்கொடுத்து, மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அழக்கூடாது. யாருனா கேட்டா படியில வுழுந்துட்டேன்னு சொல்லு. சரியா?"

எங்கள் வீட்டில் படியே கிடையாது. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மிஷின் நின்றது.

"அக்கா, போன் குடுங்க," என்றேன்.

அந்த மூன்று எண்ணும் மனதில் அப்படியே இருந்தன. ஒரு பெண் எடுத்தாள். நான் சொல்லவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "நீங்க இப்ப பத்திரமான இடத்துல இருக்கீங்களா? குழந்தை உங்களோட இருக்கா?" என்று கேட்டாள். இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்று சொல்ல முடிந்ததே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அக்கா கடையைப் பூட்டினாள். அலமாரியிலிருந்து பையை எடுத்துக்கொண்டோம். கையில் ஜாக்கெட் பை வைத்திருக்கிற இரண்டு பெண்களையும் ஒரு குழந்தையையும் அந்தத் தெருவில் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

அதற்குப்பின் எல்லாம் நேராகப் போய்விடவில்லை. போனில் சொன்ன பெண்கள் உதவி மையத்துக்குப் போனோம். டாக்டர் ஒவ்வொரு காயத்தையும் பார்த்து எழுதினார். முதல் தடவையாக என் உடம்பில் நடந்தது ஒரு காகிதத்தில் வந்தது. பாதுகாப்பு அலுவலர் என்று ஓர் அம்மா, நான் சொல்லச் சொல்ல நிதானமாக எழுதிக்கொண்டார். அடிப்பது மட்டும் இல்லை, காசைப் பிடுங்கி வைப்பதும், போனைப் பறிப்பதும், தினம் தினம் கேவலப்படுத்துவதும்கூட வன்முறைதான், சட்டத்தில் இருக்கிறது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. அந்த வீட்டில் இருக்க எனக்கு உரிமை உண்டு, அவன் என்னைத் தொடக்கூடாது என்று கோர்ட்டே உத்தரவு போடும், வக்கீலுக்குப் பணம் தர வேண்டாம் என்றெல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆனால் புகார் கொடுக்கப் போன இடத்தில் ஒருவர் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேம்மா" என்றார். புகாரை எழுதிக்கொள்ளாமல் தள்ளிப்போட்டார்கள். நான் வெளியே வந்து, இதெல்லாம் ஆகாதுக்கா, திரும்பிப் போய்விடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"மொத தரம் சரியா உக்காரலன்னா துணியத் தூக்கியா போடறோம்?" என்றாள். "எந்திரி. இன்னொரு தரம் போய்க் கேளு. எனக்கு எழுதித் தாங்கன்னு கேளு." அன்றைக்குப் புகாருக்கு ரசீது வாங்கிக்கொண்டுதான் வந்தோம்.

சில வாரம் ஒரு விடுதியில் இருந்துவிட்டுத் தென்னேரிக்குப் போனேன். அம்மா என் கையைப் பார்த்தாள். அடிக்கிற கை அணைக்கும் என்று அவள் அதற்குப்பின் யாரிடமும் சொல்லவில்லை. கோர்ட்டில் உத்தரவு வந்தது. அவன் எங்கள் பக்கம் வருவதில்லை. நான் ஏனாத்தூரில் ஒரு அறை எடுத்தேன், பட்டுக்கடையில் வேலை கிடைத்தது, மகள் இப்போது ஆறாவது படிக்கிறாள்.

அக்காவிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன், அவளுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்குமோ என்று. தினம் ஒரு மணிக்கு அவள் வீட்டுக்காரர் சைக்கிளில் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவருவார். சமைப்பதும் அவர்தான். படிக்கட்டில் உட்கார்ந்து, இவள் சாப்பிட்டு முடிக்கிறவரை மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார்.

"யாரு, இவரா?" அக்காவுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. "ரசத்துல புளி கம்மின்னு நான்தான் இவர ஏசறேன். அந்த மனுசன் கொசுவ அடிக்கவே ரெண்டு தரம் யோசிக்கும்."

"அப்புறம் ஏன்கா இதெல்லாம்?"

"ஏன்னா? பட்டாத்தான் தெரியணுமா? நான்தான் அளவு எடுக்கறேனே."

போன மாதம் அவள் கடையைக் காலி செய்தாள். கண் சரியாகத் தெரியவில்லை, ஓசூரில் தன் மகளோடு இருக்கப் போகிறாள். போன் செய்து, "அந்த மயில்கழுத்து ஜாக்கெட்டு இருக்குதா? எடுத்துக்கினு வா," என்றாள். "நான் தப்பா தெச்ச ஜாக்கெட்டு இந்த ஊர்ல அது ஒண்ணுதான். அத அப்பிடியே வுட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

இத்தனை வருஷமாக அது என் பெட்டியின் அடியில் மடித்தபடி இருந்தது. எடுத்துப் பார்த்தால் அந்த நாள் முழுக்க வெளியே வந்துவிடும் என்று நான் பிரித்ததே இல்லை.

அலமாரி காலியாக இருந்தது. எல்லாப் பைகளும் போய்விட்டன. திரை மட்டும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. என்னை உள்ளே கூப்பிட்டு, கையைச் சுற்றி டேப்பைப் போட்டாள். எண் சரியாகத் தெரியாமல் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"பதினொண்ணு," என்றாள். இன்னொரு தடவை பார்த்தாள். "பதினொண்ணேதான்."

அப்புறம் ஜாக்கெட்டின் கையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி என்னிடம் காட்டினாள். இறுக்கமான தையலுக்கு அப்பால் துணி கத்தரிக்கப்படவில்லை. மடித்து உள்ளே விடப்பட்டிருந்தது. அதில் வரிசையாக இன்னும் இரண்டு தையல்கள் ஓடியிருந்தன.

"மொதல்ல இருக்குதே, அது எட்டு. உன்ன வரவெக்கறதுக்கு. அடுத்தது பத்தர, கண்ணாலமாயி வந்தப்ப நீ இருந்த அளவு."

"இந்த மூணாவது?"

அவள் பிளேடை எடுத்தாள். முதல் தையலைப் பிரித்தாள். இரண்டாவதையும் பிரித்தாள். நூல் துணுக்குகளை ஊதித் தள்ளிவிட்டு, புதிதாக ஒரு தையல்கூடப் போடாமல் ஜாக்கெட்டை என் கையில் கொடுத்தாள்.

"பதினொண்ணு. அன்னிக்கே தெச்சதுதான். நீ வெளிய வந்து நல்லா சாப்புடுவேன்னு தெச்சது. போடு, பாப்போம்."

பச்சை வெளிச்சத்தில் கையை நீட்டினேன். எனக்குக் கண் மறைத்தது. ஜாக்கெட் எங்கும் நிற்காமல் தோள்வரைக்கும் ஏறியது.